இடிக்கக் கூடாத மாத்திரை

என் மருமகளைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. கைதிக்கு மாத்திரை கடத்திக் கொடுத்து வேலையைத் தொலைத்தவள் என்பது ஒன்று. அந்தக் கைதி செத்ததற்கே அவள்தான் காரணம் என்பது இன்னொன்று. இரண்டையும் பேசுகிறவர்கள், காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு போனவர்கள்தான். நான் அவளுடைய மாமியார். மருமகளுக்குப் பரிந்து பேசுகிற மாமியாரை யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். சொல்லத்தான் போகிறேன்.

சம்பந்தம் பேசும்போதே அவள் ஜெயில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டவர்களிடம் "ஜெயில்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் நாத்தனார் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"மருமக எப்போ அண்ணி ரிலீசு?"

"அவ ரிலீசு கெடக்கட்டும். உங்கண்ணன்கிட்ட நான் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறேனே, அதுக்கு யாராவது மனு போட்டீங்களா?" என்றேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜெயில் ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமாக ஒரு கூடம், அதில் இரண்டு வரிசைக் கட்டில். கூடத்தின் கோடியில் மருந்து அறை. அதற்குக் கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். கைதிகள் வெளியே வரிசையில் நிற்பார்கள். அவள் உள்ளே இருந்து கம்பி வழியாக மருந்தை நீட்டுவாள். "யாரு உள்ள, யாரு வெளியன்னு சில நாள் எனக்கே குழம்பிடும் அத்தை" என்பாள். கைதிகள் அவளுக்கு ஊசிக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் சில நாள்தான் வருவார். வந்தால் வைத்தியத்தைவிடக் கையெழுத்துக்கே நேரம் சரியாக இருக்கும். மனநோய்க்கென்று தனியாக ஒரு டாக்டர் எப்போதாவது தலைகாட்டுவார். செல் கதவுக்கு வெளியே நின்றபடியே "தூங்கினியா, சாப்பிட்டியா, காதுல குரல் கேக்குதா" என்று கேட்பார். "உங்க குரல்தாங்க கேக்குது" என்று ஒருவன் பதில் சொன்னானாம். அவனுக்கு மருந்தைக் கூட்டி எழுதிவிட்டுப் போனாராம்.

அப்படிப்பட்டவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல், ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல், கடைசியில் ஏதோ ஒரு கேசில் உள்ளே வந்து சேர்ந்தவர்கள். ஒரு பெரியவர் ஆள் எண்ணும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் நிற்பார். திமிர் என்று வார்டர்கள் அடிப்பார்கள். என் மருமகள் போய், பீரோவை நகர்த்துகிற மாதிரி, அவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி வைப்பாள். "அவருக்கு சுவர்தான் பிடிச்சிருக்கு. உங்க மூஞ்சிய விட அது மேல்தானே?" என்று வார்டரிடம் சொல்வாள். அவர்களும் சிரிப்பார்கள். அடிப்பது மட்டும் நின்றதில்லை.

மாத்திரையை இடித்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கைதி, தினமும் கொடுத்த தூக்க மாத்திரையைக் கன்னத்துக்குள் அடக்கி, கொண்டுபோய்ச் சோப்புக் கட்டிக்குள் புதைத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். ஒருநாள் மொத்தத்தையும் விழுங்கிச் செத்துப்போனான். வரிசைக்கு ஆள் வரவில்லையே என்று தேடிப் போய்ப் பார்த்தது என் மருமகள்தான். அப்போதிருந்த சூப்பிரண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் வந்த அன்றே உத்தரவு போட்டார். இனிமேல் முழு மாத்திரை எந்தக் கைதி கையிலும் படக் கூடாது. கல்வத்தில் இடித்து, தண்ணீரில் கரைத்து, வார்டர் கண்ணெதிரே குடிக்க வைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

"தப்பான உத்தரவு இல்ல அத்தை. அந்தப் பையனைத் தூக்கினவ நான். இடிக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாள்.

வருத்தம் எங்களுக்குத்தான். அந்தப் பொடி அவள் நகக் கண்ணெல்லாம் ஏறியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவள் பிசைந்து கொடுத்த சோறு கசந்தது. என் மகன் பஸ் டிப்போ மெக்கானிக். "நான் கிரீஸ் கையோட சாப்பிட்டாக்கூட இதைவிட நல்லாருக்கும்" என்பான். "அப்போ நீயே சமை" என்பாள் அவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்டியால்தான் எல்லாம். ஒரே கல்வத்தில் எல்லாரது மாத்திரையையும் இடித்தால், ஒருவன் கசப்பு இன்னொருவன் தம்ளரில் ஒட்டத்தானே செய்யும்? மனநோய் மருந்துகள் நாக்கையே மரத்துப்போக வைக்குமாம். குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை "மருந்து மறுத்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவள் மட்டும் வரிசை முடிந்ததும் தம்ளரை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் உட்காருவாள்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் உள்ளே வந்தார். கடைச் சுவருக்காக அண்ணன் தம்பிச் சண்டை. இவர் தள்ள, அண்ணன் படியில் விழுந்து மண்டை உடைந்துவிட்டது. கேஸ் முடிகிறவரை உள்ளே இருக்க வேண்டிய ஆள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஆனால் அதற்கு ஒரு மாத்திரை இருந்தது. காலையில் ஒன்றை முழுசாக விழுங்கினால் வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நாள் முழுக்கக் காக்கும். அதைப் போட்டுக்கொண்டு வலிப்பே இல்லாமல், பெரிய கத்திரிக்கோல் பிடித்து, கல்யாணத் துணியெல்லாம் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தவர். ஜெயில் ஸ்டோரில் அந்த மாத்திரை கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுக்க, அவர் பெண்டாட்டி வெளியே வாங்கி, பார்க்க வரும்போதெல்லாம் வாசலில் ஆஸ்பத்திரிக்கென்று ஒப்படைப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தால்? கல்வம்தான்.

இடித்துக் கரைத்துக் கொடுத்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். காலையில் தையல்காரர் தள்ளாடுவார். ஒன்று இரண்டாகத் தெரியும். வாய் குழறும். எங்கிருந்தோ சாராயம் வருகிறது என்று வார்டர்கள் அவர் படுக்கையைப் புரட்டிப் போட்டுத் தேடுவார்கள். சாயந்தரம் ஆவதற்குள் மருந்து தீர்ந்துபோகும். கை கால் வெட்டி இழுக்கும். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்பார்கள்.

"காலையில குடிகாரன், சாயந்தரம் நடிகன். ஒரே சம்பளத்துல ரெண்டு வேஷம்" என்று ஒரு வார்டர் சொன்னானாம். அதிலிருந்து அவருக்கு நடிகர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

இவள் டாக்டரிடம் போனாள். "சிஸ்டர், அது இடிக்கக் கூடாத மாத்திரைன்னு எனக்குத் தெரியாதா? அட்டையிலயே போட்டிருக்கு. நான் எழுதியும் குடுத்துட்டேன். சூப்பிரண்டு ஒத்துக்கணுமே" என்றார். சாதாரண வலிப்பு மாத்திரையைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்றால், ஸ்டோரில் அது வரும் வரும் என்றே இருக்கிறது. வந்தாலும் பல வேளை ஜன்னல் திறக்க ஆள் இல்லை.

சூப்பிரண்டிடமும் போனாள். அவர் கெட்ட மனுஷன் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

"ஒருத்தனுக்கு முழுசாக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் எனக்கும் இடிக்காத மாத்திரைன்னுவான். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு பொணத்துக்குப் பதில் சொல்லியே காணாமப் போனாரு. என்னையும் அனுப்பப் பார்க்கறீங்களா?"

"அப்போ இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா சார்?"

"வலிப்பு வந்து செத்தா அது வியாதி. மாத்திரையால செத்தா அது நான்."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது. "உனக்கென்னடி அந்த ஆள் மேல அவ்வளவு அக்கறை?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே?

"அக்கறை எல்லாம் இல்ல அத்தை. சரியாக் குடுத்தா சரியாயிடற மனுஷன். அந்த வார்டுல எனக்கு அப்படி ஒருத்தர்தான் கெடைச்சிருக்காரு" என்றாள்.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்றை இடித்துத் தண்ணீரில் கலக்கினாள். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது. அதன் அடியில் தையல்காரரின் மாத்திரையை முழுசாகப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினாள். பக்கத்தில் நின்ற வார்டருக்குக் கலங்கல் தண்ணீர்தான் தெரிந்தது. "மடக்குனு குடிங்க. அடியில இருக்கறதையும் சேர்த்துக் குடிங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் புரிந்துகொண்டார். குடித்தார், நாக்கைத் தூக்கிக் காட்டினார், போனார்.

சில நாளிலேயே ஆள் நிமிர்ந்து நடந்தார். சாயந்தர வலிப்பு நின்றது. வார்டர்களின் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கிற அளவுக்குக் கை நிதானப்பட்டது. சூப்பிரண்டு சுற்றி வந்தபோது பார்த்துவிட்டு, "பாத்தீங்களா? கண்டிப்பா இருந்தா நடிப்பெல்லாம் தானா நின்னுடும்" என்றாராம். என் மருமகள் "ஆமாங்க சார்" என்றாளாம். அன்று இரவுச் சோற்றுக்கு நடுவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் மகனுக்குப் புரையேறிவிட்டது. கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் அவளுடைய வார விடுமுறையில் இருந்தது. அன்றைக்கு மருந்து கொடுப்பவர் கம்பவுண்டர். அவர் உத்தரவுப்படி இடிப்பவர். அவரிடம் இந்த விஷயத்தைச் சொல்லவும் முடியாது. விடுமுறை முடிந்து இவள் போனால் தையல்காரர் மறுபடியும் சுருண்டு கிடப்பார்.

ஒருநாள் வார்டர் அந்தப் பக்கம் நகர்ந்தபோது ஜன்னலில் அவரே கேட்டார். "அக்கா, உங்க லீவு நாளைக்குள்ளதையும் முன்னாடியே குடுத்துடுங்க. அவர் குடுக்கறதை வேண்டாம்னு சொல்லிட்டு இதை நான் போட்டுக்கிறேன்."

அவள் உடனே கொடுத்துவிடவில்லை. மாத்திரை சேர்த்து வைத்துச் செத்தவனைத் தூக்கிய கை அது. இரண்டு நாள் யோசித்தாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள்: "ஒரு மனுஷனை நம்பி விஷத்தைக் கையில குடுப்பீங்களா அத்தை?"

"மருந்துன்னு சொன்னே?"

"அங்க ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆளைப் பார்த்தா எப்படி?"

"பொண்டாட்டி வர்ற நாளைக்குச் சட்டையை நாலா மடிச்சு படுக்கைக்கு அடியில வச்சு மடிப்பு எடுக்கிறாரு."

"அப்போ சாகமாட்டான். குடு" என்றேன். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் அந்த மாத்திரையால் சாகவும் இல்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் தம்ளருக்கு அடியில் மறைத்துக் கொடுத்தாள். அவர் தையல்காரர் அல்லவா? சட்டையின் கீழ் மடிப்பைப் பிரித்து, மாத்திரையை உள்ளே வைத்து, பழைய தையல் மாதிரியே தைத்துவிடுவார். இவள் விடுமுறை நாளில் கம்பவுண்டர் நீட்டுகிற தம்ளரை வேண்டாம் என்பார். "மருந்து மறுத்தான்" என்று அவரும் எழுதிக்கொள்வார். வாரம் ஒரு மறுப்பு. மற்ற நாளெல்லாம் ஒழுங்காகக் குடிக்கிற ஆள்.

இது கம்பவுண்டருக்கு உறுத்தியது. அவர் மோசமானவர் இல்லை, வாய்தான் மோசம். "என்ன நடிகரே, ஊசிக்கா கையால குடுத்தாதான் எறங்குமோ? நம்ம கை என்ன கசக்குதா?" என்று வரிசைக்கு நடுவில் கேட்டுவிட்டார். கைதிகள் சிரித்தார்கள். வார்டர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வார்டர் வாயிலிருந்து இன்னொரு வார்டர் காதுக்குப் போய், ஜெயிலர் வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது அது சிரிப்பாக இல்லை. ஊசிக்காவுக்கும் நடிகருக்கும் நடுவே ஏதோ கை மாறுகிறது என்று ஆகிவிட்டது. சோதனை போட்டார்கள். சட்டையைத் தையல் தையலாகப் பிரித்தார்கள். ஒரு மாத்திரை உருண்டு விழுந்தது.

விசாரணை சூப்பிரண்டு அறையில். மேசை மேல் அந்த மாத்திரை. ஜெயிலர், டாக்டர், என் மருமகள், நடுவில் தையல்காரர்.

"எப்படிடா வந்தது?"

"என் வீட்டுக்காரி குடுத்தா ஐயா. பார்க்க வந்தப்போ, கம்பி வழியா."

என் மருமகள் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போயிருக்கிறாள். ஒரே ஒரு நிமிஷம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் வாயைத் திறக்கவே இல்லை என்றுதான் தெருவில் பேச்சு.

"இல்ல சார். அவங்க குடுக்கலை. நான்தான் குடுத்தேன்."

சூப்பிரண்டு சிரித்தார். "அவன் அக்கான்னு கூப்பிடறதுக்காக நீங்க நிஜமாவே அக்காவாயிடாதீங்க சிஸ்டர்."

"சார், நான்தான் முழுசா..."

"நீங்க சொல்லலை. நான் கேக்கலை." பேனாவை மூடி வைத்தாராம். "நீங்க குடுத்திருந்தா அது என் ஆஸ்பத்திரியில நடந்த தப்பு. அவன் பொண்டாட்டி குடுத்திருந்தா அது வெளியில இருந்து வந்த தப்பு. புரியுதுங்களா?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் தையல்காரரைக் கேட்டிருக்கிறாள்: "ஏன் இப்படிச் சொன்னீங்க?" வார்டர் இழுத்துக்கொண்டு போக, அவர் திரும்பித் திரும்பிச் சொன்னாராம்: "உங்களை அனுப்பிட்டா எனக்கு யாரு அக்கா மாத்திரை குடுப்பா? என் வீட்டுக்காரிக்கு என் மேல கோவம் வரும். ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

அவர் கணக்கு அது. ஜெயில் கணக்கு வேறாக இருந்தது. அவரைத் தனிச் செல்லில் போட்டார்கள். என் மருமகளைப் பெண்கள் பகுதிக்கு மாற்றினார்கள். அவர் பெண்டாட்டி இனி வாசல் பக்கமே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்த மாத்திரையை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தவளே அவள்தானே? மருந்து அறையில் மிச்சமிருந்த அட்டையைக் கம்பவுண்டர் இடித்துக் கொடுத்துத் தீர்த்தார். அதற்கப்புறம் முழுசும் இல்லை, பொடியும் இல்லை. இதை அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. உத்தரவில் யோசிக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தையல்காரர் பெண்டாட்டி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தது நான்தான். கையில் மருந்துக்கடைப் பை. ஒல்லியான உடம்பு, தூங்காத கண்.

"நர்ஸம்மா வீடுதானே?"

"ஆமா. உள்ள வாம்மா."

உட்கார மாட்டேன் என்றாள். நின்றபடியே கொட்டினாள். "கட்டின பொண்டாட்டியப் போய்க் காட்டிக் குடுத்துட்டாரே அம்மா. நான் கம்பி வழியா ஒரு வெத்துக் காகிதம்கூடக் குடுத்ததில்ல. வாசல்ல எல்லார் முன்னாடியும் கடத்தல்காரின்னு திட்டி விரட்டறாங்க. அந்த மனுஷனுக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

என் மருமகள் அடுப்படியிலிருந்து வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சொல்லப் போகிறாள்.

"மாத்திரையைக் குடுத்தது நான்தாங்க. என்னை அனுப்பிட்டா வேற யாரும் குடுக்க மாட்டாங்கன்னு உங்க பேரைச் சொல்லிட்டாரு. நான்தான்னு சொன்னேன். கேட்டுக்க மாட்டேன்னுட்டாங்க."

அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். பையை நீட்டினாள். "சரி. அப்போ இதை உள்ள கொண்டு போங்க" என்றாள்.

மறுநாள் என் மருமகள் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டு போனாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே வேலை பார்ப்பவர்களையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சோதனைக்கு நின்ற பெண் வார்டர் இவளுக்கு வேண்டியவள். அவள் பிரசவத்துக்கே இவள்தான் துணைக்குப் போனாள். அவள் விரல் கொண்டையில் நின்றது. மாத்திரைகளை எடுத்து, யாரும் பார்க்காமல், இவள் கையிலேயே திருப்பி வைத்து மூடினாள். "அக்கா, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாள். அதற்குமேல் என்ன பேச முடியும்?

டாக்டரைப் பிடித்தாள். அவரும் பயந்துபோய், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று எழுதினார். எழுதினால் போதாது. கூடப் போக போலீஸ் காவல் வேண்டும். காவலுக்கு ஆள் கேட்டால், யாரோ பெரிய மனுஷர் வருகிறார், எல்லாரும் அங்கே என்றார்கள். அவர் போன பிறகு கேட்டால், ஓய்வில் இருக்கிறார்கள் என்றார்கள்.

அதற்குள் ஒருநாள், மதியம் சோறு போட்டு முடித்த நேரம். பெண்கள் பகுதிக் கதவுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் ஓடி வந்து கத்தினார். "அக்கா! நடிகருக்கு நிக்காம வருதுக்கா! காலையில இருந்து இழுக்குதாம். நடிக்கிறான்னு விட்டுட்டானுங்க. எனக்கு நரம்பு கெடைக்க மாட்டேங்குது, கை நடுங்குது, நீங்க வாங்க!"

இவள் ஊசியை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். கதவுக்காரர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆம்பளைங்க பகுதிக்கு உங்களை விடக் கூடாதுன்னு உத்தரவு சிஸ்டர்."

"உயிர் போகுது அண்ணே."

"ஜெயிலர் ஐயா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இதோ ஆள் அனுப்பறேன்."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கம்பிக் கதவில் நின்றாள். கம்பவுண்டர் அந்தப் பக்கம் நின்று அழுதார். ஜெயிலர் கை கழுவிக்கொண்டு வந்து தலையாட்டினார். கதவு திறந்தது. செல்லுக்குள் போய்ப் பார்த்தபோது இழுப்பு நின்றிருந்தது. ஊசி தேவைப்படவில்லை.

ஜெயிலில் ஒருவர் செத்தால் மாஜிஸ்திரேட் வந்து விசாரிப்பார். ஜெயில் தரப்பில் ஒரே பேச்சு: அடிக்கடி மருந்து குடிக்க மறுத்த கைதி. கம்பவுண்டர் வாராவாரம் எழுதியது அதற்கு உதவியாக இருந்தது. என் மருமகளைக் கூப்பிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கலங்கல் தண்ணீரைச் சொன்னாள். முன்கூட்டிக் கொடுத்ததைச் சொன்னாள். அவர் பெண்டாட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். இப்படிச் சொன்னால் வேலை நிலைக்காது என்று, எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் முன்னமே சொல்லியிருந்தார். நிலைக்கவில்லை. சூப்பிரண்டை மாற்றினார்கள். இன்னும் பெரிய ஜெயிலுக்கு.

அவள் வாக்குமூலம் கொடுத்த அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். தள்ளி, பெஞ்சில் அவள் மாமியார், கொழுந்தன் எல்லாரும். எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு இதையெல்லாம் இப்ப போய்ச் சொன்னீங்க?"

"உங்க மேல இருக்கற பழி போகணுமில்லீங்களா?" என்றாள் என் மருமகள்.

"போச்சு. நல்லாப் போச்சு. கடத்தல்காரிங்கற பேரு போச்சு. அதுக்குப் பதிலா என்ன பேரு வந்திருக்கு தெரியுமா? வேலை போனாலும் பரவாயில்லன்னு ஒரு நர்சு அந்த ஆளுக்கு ஒளிச்சு ஒளிச்சு மாத்திரை குடுத்திருக்கா. அவளைக் காப்பாத்தறதுக்கு அந்த ஆளு பொண்டாட்டியைக் காட்டிக் குடுத்திருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல என்னன்னு என் மாமியாரே என்கிட்ட கேக்கறா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கடத்தினவளாவே இருந்திருப்பேன். அதுல அவரு என் புருஷனா இருந்தாரு."

"அப்படி ஒண்ணும்..."

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், அவரு செத்துட்டாரு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க. என்னைப் பார்த்தாலும் பேசாதீங்க."

"ஏம்மா, உன் புருஷனை மனுஷனா மதிச்சு மருந்து குடுத்தவ அந்த ஜெயிலுக்குள்ள இவ ஒருத்திதான்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க அத்தை, பஸ் போயிடும்" என்று படியில் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

பஸ் ஒன்றும் போகவில்லை. வெயிலில் வெகு நேரம் நின்றோம். "ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். "அவங்க சொன்னதுல எது தப்புன்னு நெனைச்சுப் பார்த்தேன் அத்தை. ஒண்ணும் கெடைக்கலை" என்றாள்.

எனக்குக் கிடைத்தது: அந்த மனுஷன் என் மருமகளைக் காப்பாற்றப் பெண்டாட்டி பேரைச் சொல்லவில்லை, பெண்டாட்டி கோபம் ரெண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று அவளை நம்பித்தான் சொன்னார். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லி எழுத வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு இது போய்ச் சேராது. என்னைப் போலவே அவளுக்கும் எழுத்து தெரியாது. யாராவது படித்துக் காட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறவள் இல்லை.